அடுத்தவர் கிளாஸில் சில சொட்டு

மைக்கேல் ஜாக்சன் 2007-ம் வருஷம் ஆகஸ்ட் மாதம் லண்டனில் இறந்து போனார்.

பதறாதீர்கள். நீங்கள் நினைக்கிற மைக்கேல் ஜாக்சன் போனது 2009-ல். இவர் வேறு. ஆட்டம் பாட்டத்துக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை. தாடியும் சுருட்டைத் தலையுமாக ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையாளர். ஊர் ஊராகப் போய் பீர் குடிப்பது, அது எப்படி இருக்கிறது என்று எழுதுவது... இதுதான் ஐயாவுடைய தொழில்! 1977-ல் இவர் எழுதிய 'தி வேர்ல்ட் கைட் டு பீர்' என்ற புத்தகம் வந்த பிறகுதான், பீரிலும் சாதி பேதங்கள், பூர்வீகம், குலம் கோத்திரம் எல்லாம் உண்டு என்று பலருக்கும் உறைத்தது. மறுவருஷமே அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே பீர் காய்ச்சினால் மத்திய அரசு வரி கேட்காது. வீட்டில் காய்ச்சிப் பழகியவர்களில் சிலர் வெளியே வந்து கடை போட்டார்கள். அதுதான் இன்றைக்கு 'கிராஃப்ட் பீர்' என்று உலகமெல்லாம் சுற்றுகிறது. எழுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில் நூறு கம்பெனிகூட இல்லை. இப்போது ஒன்பதாயிரத்துக்கு மேல்.

மதுவிலக்கு அன்பர்கள் கோபிக்க வேண்டாம். குடி என்னவெல்லாம் செய்யும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் புதிதாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. குடிக்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை. எனக்குள் ரொம்ப நாளாக ஒரு கேள்வி குடைந்துகொண்டிருக்கிறது. ஒரு பொருள் நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்று ஊருக்குச் சொல்கிற உரிமை ஒருத்தருக்கு எங்கேயிருந்து வருகிறது? சொல்லும்போது அவர் எதற்கெல்லாம் பொறுப்பாளி? காபியை வைத்தும் பேசலாம், சினிமாவை வைத்தும் பேசலாம். ஆனால் பீர்க்காரர்கள் இந்த விஷயத்தில் பட்டிருக்கிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதனால்தான் அவர்களைப் பிடித்தேன்.

நம்மூர் டாஸ்மாக் வாசலில் பீர் பற்றிக் கேட்கப்படும் விமர்சனக் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "கூலிங் இருக்கா?"

பீர் ருசிப்பவர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஜில்லென்று இருந்தால் நாக்கு மரத்துவிடும், வாசனையும் மேலே எழும்பாது. அவர்கள் செய்கிற சடங்கே தனி. சுத்தமான கண்ணாடி கிளாஸ். ஊற்றியதும் முதலில் மூக்கு. ஏனென்றால் சில வாசனைகள் சில விநாடிகளில் ஓடிப் போய்விடும். பிறகு வெளிச்சத்தில் நிறம், நுரை. அப்புறம்தான் ஒரு வாய். ஒயின் ருசிப்பவர்கள் வாயில் வைத்துவிட்டுத் துப்பிவிடுவார்கள். பீர்க்காரர்கள் விழுங்குவார்கள். ஹாப்ஸ் என்ற பூ கொடுக்கிற கசப்பு, விழுங்கிய பிறகும் நாக்கில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். (நல்ல சாக்கு என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது.) நடுநடுவே தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட்.

இதற்குப் பரீட்சை எழுதிப் பாஸான நடுவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1985-ல் ஆரம்பித்த நடுவர் திட்டம் ஒன்று உண்டு. மொத்தம் 50 மார்க். வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. பி.காம். படித்தவனுக்கு இதைப் பார்த்ததும் ஒரு நிம்மதி. அட, எல்லாவற்றுக்கும் ஒரு காலம் போட்டுக் கணக்கு எழுதுகிறார்களே!

நிம்மதி ரொம்ப நேரம் நிற்கவில்லை. ருசிக்கு 20-க்கு 14 என்று போடுகிறீர்களே, அந்த 14 எங்கே இருக்கிறது? பீரிலா, உங்கள் நாக்கிலா?

அவனவன் நாக்கு அவனவனுக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். எனக்குப் பாகற்காய் பிடிக்கும், உனக்குப் பிடிக்காது, இதில் சரி என்ன தப்பு என்ன? சுலபமான பதில்தான். ஆனால் அரைப் பதில்.

1757-ல் டேவிட் ஹ்யூம் என்ற ஸ்காட்லாந்து தத்துவக்காரர் இதே தலைவலியை எடுத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். அதில் 'டான் குவிக்ஸாட்' நாவலில் வருகிற ஒரு கதையை எடுத்துப் போடுகிறார். சாங்கோ பான்சாவின் சொந்தக்காரர்கள் இரண்டு பேர். ஒரு பீப்பாய் ஒயினை ருசி பார்த்துச் சொல்லச் சொல்கிறார்கள். ஒருத்தர் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்ல சரக்குதான். ஆனா லேசா தோல் வாசனை அடிக்குதே" என்கிறார். இன்னொருத்தர், "சரக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா இரும்பு வாடை" என்கிறார். கூடியிருந்தவர்கள் சிரியோ சிரி என்று சிரிக்கிறார்கள். பிறகு பீப்பாய் காலியாகிறது. அடியில் ஒரு பழைய சாவி. அதில் கோத்திருந்தது ஒரு தோல் வார்!

எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ருசி என்பதில் பாதி, பீப்பாய்க்கு அடியில் கிடக்கிற சாவி. அது இருக்கிறதா இல்லையா என்பதற்கு ஒரே பதில்தான். யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்பதெல்லாம் அடுத்த பத்தி.

பீரில் இந்தச் சாவிக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ஜெர்மனியில் பவேரியா பக்கத்து கோதுமை பீரை மோந்து பார்த்தால் வாழைப்பழ வாசனை அடிக்கும். உள்ளே ஒரு வாழைப்பழமும் இல்லை. ஈஸ்ட் நொதிக்கும்போது ஐசோஅமைல் அசிட்டேட் என்று ஒன்றைத் தயாரிக்கிறது. வாழைப்பழத்துக்கு வாசனை கொடுப்பதும் அதே சமாசாரம்தான். அதே மாதிரி வெண்ணெய் வாசனை அடித்தால் அது டையசெட்டில். வேக வைத்த மக்காச்சோளம் மணத்தால் டைமீதைல் சல்ஃபைடு. 1970-களில் மோர்டன் மெயில்கார்டு என்ற விஞ்ஞானி இதையெல்லாம் ஒரு சக்கரமாக வரைந்து, 'இந்த வாசனைக்கு இந்தப் பெயர்' என்று பொதுவாக ஆக்கிக் கொடுத்தார். ஒருத்தர் 'ஏதோ ஒரு மாதிரி இருக்கு' என்று சொல்ல, இன்னொருத்தர் 'எனக்கு அப்படி இல்லையே' என்று சண்டை போடுவது பாதி குறைந்தது.

வேடிக்கை என்னவென்றால், ஒரே வாசனை ஓர் ஊரில் குற்றம், இன்னோர் ஊரில் குணம். வெண்ணெய் வாசனை ஜெர்மன் லாகரில் வந்தால் காய்ச்சியவருக்குத் தலைகுனிவு. செக் நாட்டு பில்ஸ்னரில் லேசாக வந்தால் மன்னிப்பு உண்டு. பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸைச் சுற்றியுள்ள பகுதியில் லாம்பிக் என்று ஒரு பீர். கொதிக்க வைத்ததைத் திறந்த தொட்டியில் ராத்திரி முழுக்கக் குளிர விடுவார்கள். காற்றில் அலைகிற ஈஸ்ட் தானாக வந்து விழ வேண்டும். அது நன்றாகப் புளிக்கும். புளிக்கத்தான் வேண்டும். தனக்குப் புளிப்பு பிடிக்காது என்பதற்காக நடுவர் மார்க்கைக் குறைத்தால், இட்லி மாதிரி மெத்தென்று இல்லை என்று தோசையை ஃபெயில் போட்ட கதைதான்.

சாவி நிஜமாகவே இருக்கிறதா, அல்லது ருசிப்பவர் சும்மா அளக்கிறாரா என்று பார்க்கவும் வழி வைத்திருக்கிறார்கள். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் கம்பெனி 1940-களில் பழக்கத்துக்குக் கொண்டு வந்த முக்கோண டெஸ்ட். மூன்று கிளாஸ் வைப்பார்கள். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாக வரும் என்பதால், ஒரு தடவை ஜெயித்துவிட்டுக் காலரைத் தூக்கிவிட முடியாது. எத்தனை தடவை சரியாகச் சொன்னால் அது திறமை, எத்தனை தடவை வரை அதிர்ஷ்டம்? பி.காம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர் ஞாபகம் இருப்பவர்களுக்கு ஒரு கொசுறு. நம்மை வதைத்த அந்த 'ஸ்டூடன்ட்ஸ் டி-டெஸ்ட்' ஒரு பீர் கம்பெனியில் பிறந்தது. டப்ளின் கின்னஸ் கம்பெனியில் வேலை பார்த்த வில்லியம் கோசெட் 1908-ல் அதை எழுதினார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிடக் கம்பெனி அனுமதிக்காததால், 'ஸ்டூடன்ட்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார்.

இதுவரை எல்லாம் சரியாகத்தான் போகிறது. சாவியைக் கண்டுபிடி, பெயரைச் சொல், உன் விருப்பு வெறுப்பை ஓரமாக வை. நல்ல விமர்சகனுக்கு வேண்டியது பழக்கம், பல சரக்கை ஒப்பிட்டுப் பார்த்தல், சாய்வில்லாத மனசு என்று ஹ்யூமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறார்.

ஆனால் ஹ்யூம் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒன்று, 2006-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் இருக்கிறது. லியோனார்ட் லீ, ஷேன் ஃப்ரெடரிக், டான் ஏரியலி என்ற மூன்று பேர். அமெரிக்காவில் எம்.ஐ.டி. பக்கத்து பப்களுக்குப் போய், குடிக்க வந்தவர்களுக்கு இரண்டு கிளாஸ் கொடுத்தார்கள். ஒன்றில் கடையில் கிடைக்கிற சாதாரண பீர். இன்னொன்றில் அதே பீர், கூட சில சொட்டு பால்சமிக் வினிகர். விஷயம் தெரியாமல் குடித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வினிகர் பீர்தான் பிடித்திருக்கிறது என்றார்கள்! குடிப்பதற்கு முன்பே 'இதில் வினிகர் இருக்கு' என்று சொல்லப்பட்டவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவர்களில் அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் ரொம்பக் குறைவு.

இது எதிர்பார்த்ததுதான். மூன்றாவது கும்பலிடம்தான் விஷயம் இருக்கிறது. அவர்களுக்குக் குடித்து முடித்த பிறகு, பிடித்தது எது என்று சொல்வதற்கு முன்னால் வினிகர் ரகசியத்தை உடைத்தார்கள். அவர்கள் என்ன செய்திருக்க வேண்டும்? 'சீச்சீ' என்று மாற்றிச் சொல்லியிருக்க வேண்டும் இல்லையா? செய்யவில்லை. ஏறக்குறைய விஷயமே தெரியாதவர்கள் மாதிரிதான் பதில் சொன்னார்கள்.

கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். குடித்த பிறகு வந்து சேர்ந்த செய்தி மூளையோடு நின்றுவிட்டது. குடிப்பதற்கு முன் வந்த செய்தி நாக்குக்குள் போய்விட்டது. முன்னால் கேட்டவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு நிஜமாகவே ருசி வேறு மாதிரி இருந்தது.

விமர்சனத்தை நீங்கள் எப்போது படிக்கிறீர்கள்? குடிப்பதற்கு முன்னால். படம் பார்ப்பதற்கு முன்னால். ஓட்டலுக்குள் நுழைவதற்கு முன்னால்.

அப்படியானால் விமர்சகன் வெறுமனே செய்தி சொல்கிறவன் இல்லை. முன்பின் தெரியாத ஒருத்தருடைய கிளாஸில் கையை விட்டுச் சில சொட்டு எதையோ கலக்கிறவன். 'அற்புதம்' என்று எழுதினால் அது சர்க்கரை. 'குப்பை' என்று எழுதினால் வினிகர். இதை ஒப்புக்கொண்டால், காசு வாங்கிக்கொண்டு எழுதுகிற பாராட்டைப் பொய் என்று சொல்லி விட்டுவிட முடியாது. அதற்கு நம் சட்டத்தில் வேறு பெயர் இருக்கிறது. கலப்படம்.

பெல்ஜியத்தில் வெஸ்ட்வ்லேட்டரன் என்று ஒரு குக்கிராமம். அங்கே கத்தோலிக்கத் துறவிகளின் மடம் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பீர் காய்ச்சுகிறார்கள். மடத்துச் செலவுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் காய்ச்சுவார்கள். ரொம்ப வருஷம் பாட்டிலில் லேபிள்கூடக் கிடையாது, மூடியில்தான் விவரம் இருந்தது. 2005-ல் உலக பீர் ரசிகர்கள் போட்ட மார்க்கைக் கூட்டிப் பார்த்ததில், இவர்களுடைய '12' என்கிற பீர் உலகத்திலேயே முதலிடம் என்று வந்துவிட்டது. வந்தது வினை! கிராமத்து ரோட்டில் கார்கள் வரிசை கட்டி நின்றன. சரக்கு தீர்ந்து போனது. எங்களிடம் வாங்கி அடுத்தவருக்கு விற்காதீர்கள் என்று துறவிகள் கேட்டுக்கொண்டும், வெளியே பல மடங்கு விலைக்குப் போனது.

வேறு யாராவதாக இருந்தால் பேங்க் லோன் போட்டு இரண்டாவது யூனிட் திறந்திருப்பார்கள். என் கணக்கு மூளைக்குத் தோன்றியதும் அதுதான். துறவிகள் உற்பத்தியைக் கூட்டவில்லை. பீர் மாறவில்லை, காய்ச்சியவர்கள் மாறவில்லை. ஆனால் நாலு மணி நேரம் கார் ஓட்டி, கியூவில் நின்று, 'உலகத்தின் நம்பர் ஒன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வாயில் வைத்தவர் குடித்தது, பக்கத்து வீட்டு விவசாயி அத்தனை வருஷமாகக் குடித்துக்கொண்டிருந்த அதே பீரா?

சர்க்கரை போட்டவர்கள் அங்கே கெட்ட எண்ணத்தில் போடவில்லை. நிஜமாகவே பிடித்திருந்தது, மார்க் போட்டார்கள். எண்ணம் வேறாக இருந்தால்?

மேலே சொன்ன மார்க் போடும் அமைப்பு 'ரேட்பீர்' என்ற பெயரில் நடந்தது. அதன் பங்குகளில் ஒரு பகுதியை, உலகத்தின் மிகப் பெரிய பீர் கம்பெனியான ஏ.பி. இன்பெவ்வின் துணை நிறுவனம் ஒன்று 2016-ல் வாங்கியது. விஷயம் வெளியே தெரிந்தது 2017-ல். கிராஃப்ட் பீர்க்காரர்கள் கொதித்துப் போனார்கள். டாக்ஃபிஷ் ஹெட் என்ற கம்பெனி, எங்கள் பீர்களின் மார்க்கையெல்லாம் உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றே கேட்டது. 2019-ல் முழுசாகவே பெரிய கம்பெனியின் கைக்குப் போன ரேட்பீர், 2025 பிப்ரவரியில் மூடப்பட்டது. மார்க்கில் கை வைத்தார்களா இல்லையா என்பதற்குள் நான் போகவே போவதில்லை. ஆடிட்டிங் பேப்பரில் முதல் பாடமே இதுதானே: எந்தக் கம்பெனியின் கணக்கைப் பார்க்கிறாயோ, அதில் உனக்குப் பங்கு இருக்கக் கூடாது. தப்பு செய்தாயா என்பது அப்புறம். தப்பு செய்ய உனக்குக் காரணம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. (ஆடிட்டர் காவல் நாய் மட்டும்தான், வேட்டை நாய் இல்லை என்று ஒரு பழைய ஆங்கிலேயத் தீர்ப்பு உண்டு. பீர் ருசிப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. மோப்பம்தான் அவர் பிழைப்பே!)

ஓசி பாட்டில் இன்னொரு கதை. கம்பெனிகள் எழுதுகிறவர்களுக்குச் சரக்கு அனுப்புவது சாதாரணம். ஓசியில் வாங்கிக்கொண்டு எழுதினால் அதைச் சொல்லிவிட்டு எழுது என்று 2009-ல் அமெரிக்க வர்த்தக கமிஷன் விதிமுறையைத் திருத்தியது. நம்மூர் பிரஸ் மீட்டில் கைக்கு வருகிற கவரும், சால்வையும், டிராவல் பேகும் எனக்குத் தெரியாததல்ல. 'வாங்கினேன், ஆனாலும் உள்ளதைத்தான் எழுதினேன்' என்பவர்களை நான் சந்தேகப்படவில்லை. அவர்கள் நாக்கை நான் சந்தேகப்படுகிறேன். வினிகர் என்று முன்கூட்டியே கேட்டவருக்கு நிஜமாகவே புளித்ததைப் போல, ஓசியில் வந்தது நிஜமாகவே இனிக்கலாம். பொய் சொல்லாமலே தவறான சாட்சி சொல்ல முடியும் என்பதுதான் இதில் பயங்கரம்.

சரி, வினிகர் பக்கம்? அங்கேதான் எனக்கு அதிகக் குழப்பம். கிராஃப்ட் பீர் காய்ச்சுகிறவர்களில் பலர் கடனை உடனை வாங்கி, ஷெட்டில் நாலு தொட்டி வைத்து ஆரம்பித்தவர்கள். ஒரு மோசமான விமர்சனம் பெரிய கம்பெனியை ஒன்றும் செய்யாது. இவர்களை உலுக்கிவிடும். அதற்காக, நன்றாக இல்லாததை நன்றாக இருக்கிறது என்று எழுதலாமா? காசு கொடுத்து வாங்குகிறவன் என்ன பாவம் செய்தான்?

மைக்கேல் ஜாக்சன் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பிடிக்காத பீருக்கு எதற்கு இடம் ஒதுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நல்லதைத் தேடித் தேடி எழுதினார். மற்றதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார். பெருந்தன்மைதான். ஆனால் எனக்கு முழு சம்மதம் இல்லை. அவர் காலத்தில் பீருக்கு ஆள் சேர்க்க வேண்டியிருந்தது, சரி. ஒன்பதாயிரம் கம்பெனி இருக்கிற ஊரில் மௌனத்தை எப்படிப் படிப்பது? அவர் குடித்துப் பிடிக்கவில்லையா, குடிக்கவே இல்லையா?

எனக்குப் பிடித்தது நடுவர்களின் வேறொரு வழக்கம். இரண்டாவது பாட்டில். போட்டிக்கு அனுப்பும்போதே ஒரே பீரில் ஒன்றுக்கு மேற்பட்ட பாட்டில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். முதல் பாட்டிலில் ஏதோ கெட்ட வாடை என்றால், உடனே முட்டை மார்க் போடாமல் இன்னொன்றைத் திறக்கச் சொல்லலாம். ஏனென்றால் கெட்டுப் போனது காய்ச்சியவரால்தான் என்று யார் சொன்னது? பச்சைக் கண்ணாடி பாட்டிலை வெயில் படுகிற ஜன்னலோரம் வைத்தாலே, ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டு உடைந்து நாற்றம் எடுக்கும். பழுப்பு பாட்டில் வந்ததே இதற்காகத்தான். கடைக்காரர் செய்த குற்றத்துக்குக் காய்ச்சியவரைத் தூக்கில் போடுவதா?

நாம் யாரும் இரண்டாவது பாட்டில் கேட்பதில்லை. "புது மேனேஜர் வர்றாராமே, எப்படி?" "ஒரு மாதிரி சார், ஜாக்கிரதையா இருங்க." அவ்வளவுதான். அந்த மனிதர் திங்கட்கிழமை காலையில் வந்து என்ன சிரித்தாலும் நமக்கு அதில் புளிப்பு தெரியும். பெண் பார்க்கப் போகிற வீட்டுக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா முதல் நாள் ராத்திரி போனில் சொல்கிற ஒரு வரி, என்ன பாடெல்லாம் படுத்தும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சித்தப்பா அதைப் பத்து வருஷம் முன்னால் ஒரே ஒரு கல்யாண வீட்டில் பார்த்ததை வைத்துச் சொல்லியிருப்பார்.

பீர் நடுவர்களின் மேஜையில் இதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. எல்லோரும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. 'ம்ம்ம்' என்று ரசிப்பது கூடாது. முகத்தைச் சுளிப்பது கூடாது. அடுத்தவர் தாளை எட்டிப் பார்ப்பது கூடவே கூடாது. யார் காய்ச்சியது என்று யாருக்கும் தெரியாது, நம்பர் மட்டும்தான். எழுதி முடித்த பிறகுதான் பேச்சு. "வெண்ணெய் வாசனை வந்ததா உங்களுக்கு?" "லேசா. நீங்க?"

இதில் ஒரு விதி மட்டும் எனக்கு உறுத்துகிறது. இரண்டு நடுவர்களின் மார்க் ஏழுக்கு மேல் வித்தியாசப்பட்டால், பேசி அந்த ஏழுக்குள் கொண்டு வர வேண்டுமாம். ஒருத்தர் 22 போட்டிருக்கிறார், இன்னொருத்தர் 36. பேசுகிறார்கள். அனுபவசாலி எதிரில் உட்கார்ந்திருக்கிற புதுசு, மெதுவாக 22-ஐ அடித்துவிட்டு 29 என்று எழுதுகிறார். சாவியைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று புரிந்து எழுதினால் சரி. சபைக்குப் பயந்து எழுதினால்? பீப்பாயைச் சுற்றி நின்று சிரித்த கும்பலும் ஒருவகையில் ஏழு மார்க்குக்குள் வரச் சொன்ன கும்பல்தானே. எனக்கென்னவோ, 22 போட்டவர் 22-லேயே நின்றுகொண்டு, ஏன் என்று இரண்டு வரி எழுதிவிட்டுப் போகலாம் என்றுதான் படுகிறது.

இப்போதைக்கு ஓர் ஆறுதல். போட்டி முடிந்ததும், காய்ச்சியவர் கைக்கு மொத்த மார்க் மட்டும் போவதில்லை. ஒவ்வொரு நடுவரும் தனித்தனியாக எழுதிய தாளும் சேர்ந்தே போகிறது. அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தன் பாட்டில் ஒன்றைத் திறந்து ஊற்றிக்கொண்டு படிக்கலாம்.